நீளமான பட்டர்: ஏமாத்து வேலையா, ஊன்றுகோலா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு சப்ஜெக்ட் கோல்ஃப். உடனே ஸ்கிப் பட்டனைத் தேடாதீங்க. எனக்கும் கோல்ஃப் ஆடத் தெரியாது, ராத்திரி கண்ணு முழிச்சுப் பார்க்கிற ஆள் மட்டும்தான். ஆனா இந்த ஆட்டத்துல ஒரு குச்சியோட நீளத்தை வச்சு பல வருஷமா ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. ஆட்டத்துல ரொம்ப கஷ்டமான ஒரு இடம். அதை எளிதாக்க ஒருத்தர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். அது திறமையா, இல்ல ஏமாத்தா? சண்டை இதுதான். இது கோல்ஃப் தெரியாதவங்களுக்கும் புரியும்.

முதல்ல பட்டர்னா என்னன்னு சொல்லிடறேன். பரோட்டா மேல போடுற பட்டர் இல்ல. பந்து குழிக்குப் பக்கத்துல, புல்லை ஒட்ட வெட்டின இடத்துக்கு வந்த பிறகு, அதை மெதுவா உருட்டி விடற குச்சி. சாதாரண பட்டர் 33-லிருந்து 35 அங்குலம் வரை இருக்கும். வயித்துல ஊன்றுற 'பெல்லி பட்டர்' 40 அங்குலத்துக்கு மேல. நெஞ்சு வரைக்கும் வர்றது கிட்டத்தட்ட 50 அங்குலம். பார்க்க வாசல் கூட்டுற விளக்குமாறு மாதிரியே இருக்கும். ஆங்கிலத்துலயும் அதைச் செல்லமா 'ப்ரூம்ஸ்டிக்'னுதான் சொல்றாங்க.

பார்க்க ரொம்ப சாதுவான வேலை. ஆனா பார் 72 மைதானத்துல, ஒரு குழிக்கு ரெண்டு உருட்டல்னு கணக்கு வச்சா, மொத்த அடியில 36, அதாவது சரிபாதி, இந்த ஒரு குச்சிக்குத்தான். குழியோட விட்டம் 4.25 அங்குலம், 108 மில்லிமீட்டர். நம்ம ஸ்டைல்ல ஒரு சின்ன கணக்கு போடுவோம். 8 அடி தூரம், தட்டையான தரை. பந்து நடுக்கோட்டிலிருந்து 54 மில்லிமீட்டர் விலகினா குழியோட விளிம்புக்குப் போயிடும். கோணமா மாத்தினா சுமார் ஒண்ணேகால் டிகிரி. அவ்வளவுதான் நம்ம டாலரன்ஸ். உலகத்தோட சிறந்த ஆட்டக்காரங்களே 8 அடியிலிருந்து ஏறத்தாழ பாதி தடவைதான் உள்ள போடுறாங்க.

குச்சி என்ன பண்ணுது?

சாதாரணமா உருட்டும்போது தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு எல்லா மூட்டும் அசையலாம். மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வச்சவங்களுக்கும் இது ஞாபகம் இருக்கும்: டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் கூடக் கூட, தப்பு நடக்குற வழியும் கூடும். நீளமான பட்டரோட மேல்முனையை நெஞ்சுல ஊன்றிப் பிடிச்சா அந்த முனை கதவு கீல் மாதிரி நின்னுடும். கீழ்க்கை லேசா தள்ளினாப் போதும், குச்சி ஊஞ்சலாடும். மணிக்கட்டுக்கு வேலையே கிடையாது.

இந்த ஊன்றுறதுக்குப் பேரு 'ஆங்கரிங்'. நீளமான பட்டர் வேற, ஆங்கரிங் வேற. இந்த வித்தியாசத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதுலதான் தொங்குது.

யார் தூக்கினாங்க இந்தக் குச்சியை?

1980-கள்ல சார்லி ஓவன்ஸ்னு ஒரு அமெரிக்கக் கறுப்பின ஆட்டக்காரர் இருந்தார். ராணுவத்துல பாராசூட்ல குதிச்சப்போ அடிபட்டு, முழங்காலை மடக்க முடியாமப் போனவர். அவர் நீளமான பட்டரோட வந்து 1986-ல சீனியர் டூர்ல ஜெயிச்சார். 1989-ல ஆர்வில் மூடி யூ.எஸ். சீனியர் ஓபனை இதே மாதிரி குச்சியோட ஜெயிச்சார். அப்பல்லாம் பெரிசா யாரும் கவலைப்படல. வயசானவங்க, முதுகுவலிக்காரங்க, கை நடுங்குறவங்க பிடிக்கிற ஊன்றுகோல், பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க.

பிரச்சினை இளசுங்க அதைத் தொட்டப்போ வந்துச்சு. 2011 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை கீகன் பிராட்லி பெல்லி பட்டரோட ஜெயிச்சார். மேஜர் போட்டியில அப்படி ஜெயிச்ச முதல் ஆள் அவர்தான். 2012-ல யூ.எஸ். ஓபன் வெப் சிம்ப்சனுக்கு. அடுத்த மாசமே, முன்னாடி இதைத் தடை பண்ணணும்னு பேசின அதே எர்னி எல்ஸ், பெல்லி பட்டரோட ஓபனை ஜெயிச்சார். 2013 மாஸ்டர்ஸ் ஆடம் ஸ்காட்டுக்கு, நெஞ்சுல ஊன்றுற நீளக் குச்சியோட. ஆறு மேஜர்ல நாலு. அதே மாஸ்டர்ஸ்ல சீனாவைச் சேர்ந்த 14 வயசு குவான் தியான்லாங் கட் தாண்டினான். அவன் கையிலயும் பெல்லி பட்டர்தான்.

ஊன்றுகோல்னு நினைச்சதை ஓட்டப்பந்தய வீரன் எடுத்துட்டு ஓடினா எப்படி இருக்கும்? விதி போடுற ரெண்டு அமைப்பும், அமெரிக்காவோட யூ.எஸ்.ஜி.ஏ.-வும் ஸ்காட்லாந்தோட ஆர் அண்ட் ஏ-வும், 2012 நவம்பர்ல தடையை முன்மொழிஞ்சாங்க. 2013 மே மாசம் உறுதி பண்ணாங்க. 2016 ஜனவரி 1 முதல் அமல்.

தடை பண்ணது குச்சியை இல்ல, ஊன்றுறதை. 50 அங்குலக் குச்சியை இன்னைக்கும் தூக்கிட்டுப் போகலாம். நெஞ்சுல முட்டக்கூடாது, அவ்வளவுதான்.

ரெண்டு பக்க வாதம்

தடை வேணும்னு சொன்னவங்க பக்கம் நியாயம் இல்லாம இல்ல. அவங்க "இதனால அதிகமா உள்ள விழுது"ன்னு புள்ளிவிவரம் காட்டல. குச்சியை ரெண்டு கையில பிடிச்சு, உடம்புல ஒட்டாம சுதந்திரமா வீசணும், அதுதான் கோல்ஃப்னாங்க. கடைசி 5 அடியில கை நடுங்கும். அந்த நடுக்கத்தை அடக்குறதும் பரீட்சையில ஒரு கேள்விதான், அதை விட்டுட்டு எழுதினா எப்படி மார்க் போடுறதுன்னு கேட்டாங்க. முன்னுதாரணமும் இருந்துச்சு. சாம் ஸ்னீட் 1960-கள்ல காலுக்கு நடுவுல பந்தை வச்சு, க்ரோக்கே ஆட்டம் மாதிரி உருட்ட ஆரம்பிச்சப்போ அதையும் தடை பண்ணவங்கதான் இவங்க.

எதிர்ப்பக்கத்துல பிஜிஏ டூரும், பயிற்சியாளர்களோட அமைப்பான பிஜிஏ ஆஃப் அமெரிக்காவும் நின்னாங்க. முப்பது வருஷமா அனுமதிச்சுட்டு, அதை நம்பி ஒரு தலைமுறை பழகின பிறகு, மேஜர் ஜெயிச்சதும் தப்புன்னு சொல்றீங்களேன்னு கேட்டாங்க. இதுல ஒரு சாப்ட்வேர்காரனா எனக்கு நெஞ்சு வலிக்குது. ஒரு ஏபிஐ-யை முப்பது வருஷம் திறந்து விட்டுட்டு, யூசர் கூடிட்டாங்கன்னு மூடுறது மாதிரி. மூணு வருஷ நோட்டீஸ் குடுத்தாங்கன்றது உண்மை. ஆனா தசையில ஏறின பழக்கத்துக்கு மைக்ரேஷன் கைடு கிடையாது.

தடைக்கு அப்புறம் என்ன ஆச்சு?

சின்ன பட்டருக்கு மாறின ஆடம் ஸ்காட், 2016-ல அடுத்தடுத்த வாரங்கள்ல ரெண்டு போட்டி ஜெயிச்சார். அப்போ குச்சிதான் ஜெயிச்சுக் குடுத்துச்சுன்ற வாதம் அடிபடுது. இன்னொரு பக்கம் கீகன் பிராட்லி. 2012-க்கு அப்புறம் பிஜிஏ டூர்ல அவரோட அடுத்த வெற்றி 2018-லதான். எல்லாத்துக்கும் பட்டர்தான் காரணம்னு நான் சொல்லல. ஒரே விதி ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா விடிஞ்சுது, அவ்வளவுதான்.

பெர்ன்ஹார்ட் லாங்கர் நீளக் குச்சியை விடல, நெஞ்சுலருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சார். 2017-ல அவர் இன்னும் ஊன்றுறார்னு டிவி பார்த்தவங்க புகார் கிளப்ப, அவர் விதியை மீறலன்னு யூ.எஸ்.ஜி.ஏ. விளக்கம் குடுக்க வேண்டி வந்துச்சு. ஏன்னா விதி 'வேணும்னே' ஊன்றினாத்தான் தப்புன்னு சொல்லுது. சட்டை உரசினா தப்பில்ல. மனசுல என்ன இருந்துச்சுன்னு எந்த கேமரா பார்க்கும்?

இங்க நம்ம முத்தையா முரளிதரன் ஞாபகத்துக்கு வர்றார். 1995-ல மெல்போர்ன்ல அவருக்கு நோ பால் குடுத்தப்போ, அம்பயரோட கண்ணுதான் அளவுகோல். அப்புறம் லேபுல அளந்து பார்த்தா, பெரும்பாலான பவுலர்களோட முழங்கை கொஞ்சம் நீளத்தான் செய்யுதுன்னு தெரிஞ்சுது. எல்லாருக்கும் 15 டிகிரின்னு ஒரு எல்லை வச்சாங்க. பிடிக்கலாம், பிடிக்காம இருக்கலாம், ஆனா அது அளக்கக்கூடிய விதி. கோல்ஃப்ல அளவு இல்ல, நோக்கம்தான். அதோட, குச்சியை முன்கையோட ஒட்டிப் பிடிக்கிற 'ஆர்ம் லாக்' முறைக்கு அனுமதி உண்டு. பிரைசன் டிஷாம்போ 2020 யூ.எஸ். ஓபனை அப்படித்தான் ஜெயிச்சார். முன்கை உடம்பு இல்லையா? லாஜிக்ல ஓட்டை இருக்கு.

யிப்ஸ்

எனக்கு இந்த விவாதத்துல முக்கியமா படறது வேற ஒண்ணு. 'யிப்ஸ்'னு ஒண்ணு இருக்கு. 3 அடி தூரம்தான், கண்ணை மூடிட்டு உருட்டலாம், ஆனா பந்தைத் தொடுற நொடியில மணிக்கட்டு தானா வெட்டி இழுக்கும். சிலருக்கு இது பதற்றம். சிலருக்கு நரம்பு சம்பந்தப்பட்டது, நிறைய எழுதுறவங்களுக்கும் வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கும் விரல் பிடிச்சு இழுக்குமே, அந்த வகை. "தைரியமா அடி தம்பி"ன்னு முதுகுல தட்டினா சரியாகாது.

லாங்கர் இந்த யிப்ஸோட போராடினவர். அந்த மனுஷன் 2023-ல, 65 வயசுல, யூ.எஸ். சீனியர் ஓபனை ஜெயிச்சார். சீனியர் டூர்ல 46-ஆவது வெற்றி, புது சாதனை. 2009 யூ.எஸ். ஓபன் சாம்பியன் லூகாஸ் க்ளோவருக்குப் பல வருஷமா யிப்ஸ். 2023-ல நெஞ்சுல முட்டாம நீளமான பட்டருக்கு மாறினார். அந்த ஆகஸ்ட்ல அடுத்தடுத்த ரெண்டு வாரம் ரெண்டு பட்டம். இந்திய வம்சாவளிப் பையன் அக்‌ஷய் பாட்டியாவும் அதே மாதிரி நீளக் குச்சியோடதான் 2024 டெக்சாஸ் ஓபனை ஜெயிச்சார். தடைக்கு அப்புறமும் இந்தக் குச்சி உயிரோட இருக்கு. ஆட்டம் ஒண்ணும் கெட்டுப் போயிடல.

என் தீர்ப்பு

நீளமான பட்டர் கோல்ஃபுக்கு நல்லதுதான். அது பந்தை உள்ள போடாது. தரையோட சரிவைப் படிக்கணும், வேகத்தைக் கணிக்கணும், அதெல்லாம் ஆடுறவர் வேலை. குச்சி ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்துக்குது, மணிக்கட்டை.

ஆங்கரிங் தடையை டிவியில வர்ற தொழில்முறை ஆட்டத்துக்கு ஏத்துக்கறேன். நரம்பைச் சோதிக்கிறது அங்க வேடிக்கையோட ஒரு பகுதி, பரிசுப் பணமும் அதுக்குத்தான். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில நண்பர்களோட ஆடற, கை நடுங்குற 60 வயசுக்காரருக்கு ஏன் அதே தடை? எல்லாருக்கும் ஒரே விதிப்புத்தகம்னு அப்போ சொன்னாங்க. சரி, 2022-ல மத்த குச்சிகளோட நீளத்தை 46 அங்குலத்துக்குள்ள வைக்க ஒரு விதி கொண்டு வந்தாங்களே. அது தொழில்முறைப் போட்டிகளுக்கும் உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளுக்கும் மட்டும், விரும்பினா எடுத்துக்கற உள்ளூர் விதி. சாதாரண ஆட்டக்காரரை அது தொடல. அந்தக் கதவை இவங்களே திறந்திருக்காங்க. 2023 விதிப்புத்தகத்துல கை இழந்தவங்களுக்கு, வேற வழியில்லன்னா ஊன்றலாம்னு அனுமதியும் வந்தாச்சு. அப்போ கை இருந்தும் அது சொன்னபடி கேக்காதவருக்கு மட்டும் ஏன் கூடாது?

பத்து வருஷம் ஆசையா ஆடினவர், ரெண்டடி பந்தை உருட்ட முடியாத வெட்கத்துல பையை மூட்டை கட்டி பரண்ல போட்டா, அதுல ஆட்டத்தோட மானம் ஒண்ணும் காப்பாத்தப்படல. ஆடறதுக்கு ஒரு ஆள் குறையுது, அவ்வளவுதான்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? நீங்க ஆடற ஆட்டத்துல, அது கேரமோ பேட்மிண்டனோ கேமிங்கோ, யாராவது 'ஈஸி வழி' கண்டுபிடிச்சு நீங்க சண்டை போட்டிருக்கீங்களா? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம்.