சகடமே இல்லம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நிலையான வீட்டைத் துறந்து, அடுக்களையும் படுக்கையும் அமைந்த ஊர்தியிலேயே ஆண்டு முழுதும் வாழ்ந்து ஊர்சுற்றுவோர் மேலைநாடுகளில் உளர். தமிழகமோ கேரவன் என்பதைத் திரைப்பட நடிகர்களின் ஓய்வறையாகவே பெரிதும் அறியும். ஆயினும் சக்கரத்தின்மேல் இல்லறம் நடத்திய குடும்பங்களைச் சங்கப் புலவர்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடியுள்ளனர். அவர்கள் உமணர், நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்றவர்கள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் அவ்வண்டியை அருகிருந்து காட்டுகிறார். வண்டியின்மேல் ஒரு குடில், அதன் வாயிலில் கோழிக்கூடு, தொங்கவிட்ட சிற்றுரல், முன்புறம் கயிற்றால் பிணித்த காடிக்கலம். குழந்தையையுடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பிலைக் கண்ணி சூடிய ஆடவர் இருமருங்கும் காவலாக நடக்கின்றனர். உப்பு மூட்டையைக் காட்டிலும் உரலும் குழந்தையுமே புலவரின் கண்ணில் பெரிதாகப் பட்டன. அவர் கண்டது ஒரு வீட்டை.

மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழியில் அச்சு முறியக்கூடும் என அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வது உமணர் வழக்கம். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாராட்டிய ஔவையாருக்கு அந்தச் சேம அச்சே உவமையாயிற்று (புறம் 102). வழிச்செல்வோரின் வண்டியிலிருந்து வேந்தர்குடிச் செல்வனுக்கு உவமை பிறந்தது எண்ணத்தக்கது.

அவ்வாழ்வின் துயரையும் புலவர்கள் மறைத்தாரல்லர். முடம்பட்ட எருதை ஆளில்லா இடத்தில் உமணர் கைவிட்டுச் செல்லுதல் புறநானூற்றின் 307ஆம் பாட்டில் உவமையாக வருகிறது. அவர்கள் கூடித் தங்கிப் பெயர்ந்த ஓமைக்காட்டைப் பாழ்பட்ட பேரூரோடு ஒப்பிடுகிறது குறுந்தொகை 124. அவர்கள் இருந்தவரை அந்தக் காடும் ஓர் ஊராகவே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இம்மாவட்டத்துத் திருக்கோவலூருக்கும் அவ்வண்டிகளுக்கும் இடையே கபிலர் வழியாக ஒரு தொடர்பு உண்டு. முன்பு பகைவேந்தரின் குதிரைகளை எண்ணிய பாரி மகளிர், பறம்பை இழந்தபின் குப்பைமேட்டில் ஏறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணியதை அவர் பாடினார் (புறம் 116). பாரியின் மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. வீட்டை இழந்தோர், வீட்டை உடன்கொண்டு செல்வோரை நோக்கி நிற்கின்றனர். அவ்விருவருள் ஏதிலி யார் என்னும் வினா அப்பாட்டைப் படிப்போர் நெஞ்சில் எழாமல் இராது.

பிற்கால வரலாறு இத்தகையோர்க்கு இரங்கவில்லை. சென்னை மாகாணத்தில் கடற்கரை உப்பைப் பொதிமாடுகளில் ஏற்றிக் குடும்பத்தோடு உள்நாடு சென்ற உப்புக்குறவர், தொழிலால் உமணரை ஒத்தவர். 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதையும் ஆங்கில அரசின் உப்புக் கொள்கையும் அவ்வணிகத்தைச் சிதைத்தன. 1871இல் வடநாட்டில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, குறவர் பலர் அதற்கு இலக்காயினர். 1952இல் நாடு முழுதும் அச்சட்டம் நீங்கியது. உவமைக்கு உரியதாயிருந்த வாழ்வு, காவல்நிலையப் பதிவேட்டுக்கு உரியதாயிற்று.

2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் ஊர்திகளில் வாழத் தொடங்கிய அமெரிக்க முதியோரைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் நூல் எழுதினார். அதன் திரைவடிவமான நோமேட்லேண்ட் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. அம்முதியோருள் சிலர் சர்க்கரை பீட் அறுவடைக்குக் கூலிகளாகச் செல்கின்றனர். இங்கோ கரும்பு வெட்டக் குடும்பத்தோடு வந்து, வயலோரம் குடிசையிட்டு, வெட்டு முடிந்ததும் தட்டுமுட்டுப் பொருள்களுடன் பெயர்வோர் உளர். விரும்பி அலைவோரைப் பயணி என்று வரவேற்கும் உலகம், வயிற்றுக்காக அலைவோரை நாடோடி என்று விலக்குகிறது. குடும்ப அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் முகவரி வேண்டும். சக்கரத்துக்கு முகவரி ஏது?

கல்வராயன் மலையில் நிலைத்து வாழும் மலையாளிப் பழங்குடியினரிடமும் பெயர்ச்சியின் நினைவு உண்டு. மலையாளிகளின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்னும் வழிவழிக் கதை, எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இடம்பெற்றுள்ளது. இன்று ஊரெனத் தங்கியோரும் ஒருநாள் வழிமேல் இருந்தோரே.

பத்தாண்டுகளாக ஓரிடத்தில் கூடிக் கவிபாடும் பேறு இவ்வட்டத்துக்கு வாய்த்துள்ளது. அந்நிழலில் அமர்ந்தோர்க்கு ஒரு கடன் உண்டு. சாலையோரத்தில் நிற்கும் அயலாரின் வண்டியைக் காணும் பாவலர், ஐயத்தை விடுத்து, அதனுள் இருக்கும் அடுப்பையும் குழந்தையையும் முதலில் காண்பாராக. உருத்திரங்கண்ணனார் அவ்வாறுதான் கண்டார்.