தட்டைக்குத் தீ வைக்குமுன் காற்றைப் பாருங்கள்



மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்தினால் புகை கொஞ்ச தூரம் நேராக மேலே போகும். பனைமர உயரம் போனதும் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். வெயில் ஏறும்வரை அது அந்த இடத்தை விட்டு நகராது. 'இன்னைக்குப் பனி ஜாஸ்தி' என்று சொல்லிக்கொண்டு போகிறோம். அந்தப் பனியில் நாம் போட்ட புகையும் சேர்ந்திருக்கிறது.

இதற்குக் காரணம் நம் பூமியின் அமைப்புதான். போடிக்கு மேற்கே மலை. தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. போடிமெட்டுச் சரிவிலும் குரங்கணிச் சரிவிலும் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் இறங்குவதுபோல் கீழே இறங்கி அடிவாரத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு. அது பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடுவதால் புகைக்கு மேலே போக வழியில்லை. அந்த நேரத்தில்தான் நம் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறிப் போகிறார்கள். இளைப்பு உள்ள பெரியவர்கள் இருமிக்கொண்டு எழுந்திருப்பதும் அப்போதுதான்.

புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் இருக்கிறது. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு இருப்பதால் அது நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15 தான்.

'அப்ப உச்சி வெயில்ல கொளுத்துறோம், புகை மேலே போயிரும்' என்று சொல்வீர்கள். போய்விடும், உண்மைதான். சமவெளியில் அது சரி. அடிவாரத்தில் அதுவே ஆபத்து. வெயில் ஏறியதும் மலைச்சரிவு சூடாகி, கீழேயிருந்து காற்றை மேலே இழுக்கிறது. புகைக்கு நல்ல நேரம் தீக்கும் நல்ல நேரம். சரிவு 10 டிகிரி கூடினால் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. மாசி, பங்குனியில் அங்கே நிற்பதோ காய்ந்த புல். சுக்குநாறிப்புல்லில் எண்ணெய் வேறு இருக்கிறது.

2018 மார்ச் 11-ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக்காரர்கள் இப்படிப்பட்ட சரிவில்தான் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஓடத் தெரிந்த இளவட்டங்கள்தான், ஆனாலும் மேல்நோக்கி ஏறும் தீயை முந்த முடியவில்லை.

எரிந்த சரிவில் ஐப்பசி மழை விழுந்தால் மண்ணும் சாம்பலும் கொட்டக்குடி ஆற்றில் இறங்கி வரும். அப்படி வரும் வண்டல் நம் கண்மாயில்தான் படியும். மேலே ஏலத்துக்கு நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். 2024 கோடையில் வறட்சியால் இடுக்கி ஏலத்தோட்டங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதற்குமேல் தீயும் வேண்டாம்.

ஆடியில் வேறு சங்கதி. மேற்கே இடுக்கிப் பக்கம் மழை கொட்டும், நமக்கு வருவது காற்று மட்டும். அப்போது புகை தேங்காது, ஆனால் பொறி பறந்து பக்கத்துத் தோட்டத்துக் கூரையில் விழும்.

ஆகவே அடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில், தை முதல் சித்திரை வரை தீயே கூடாது. சமவெளியில் வேறு வழியே இல்லையென்றால் காற்று அடங்கிய நாளில் காலை 10 மணிக்கு மேல், சுற்றிலும் உழுதுவிட்டு, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறு சிறு குவியலாக எரியுங்கள். மாலையில் பற்றவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம். இராத்திரி பூராவும் புகைந்துகொண்டே இருக்கும்.

'ஒரு தீக்குச்சியில முடியுற வேலைக்கு டிராக்டர் வாடகையா?' என்று கேட்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் தட்டை எரிந்தால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போகிறது. கந்தகச் சத்திலும் பெரும்பகுதி போகும். பிறகு அதே தழைச்சத்தை யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். நிலத்தில் ஈரம் இருக்கும்போதே ரோட்டவேட்டர் ஓட்டி மடக்கிவிட்டால் வேலை ஒரே நாளில் முடியும். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் கருவிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாலு பேர் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும்.

தென்னை மட்டையையும் மாஞ்சருகையும் எரிக்கவே வேண்டாம், பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். பருத்திமாரைக் காய்ப்புழுவோடு வயலில் நிறுத்தி வைக்காதீர்கள். உடனே பிடுங்கித் துண்டாக்குங்கள்.

மீதித் தட்டைக்கு மோட்டார் ரூம் பக்கம், நிழலில், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். அரையடித் தட்டைக்கு ஒரு தரம் சாணிக்கரைசல் தெளித்து அடுக்குங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. மாதம் ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் மக்கிவிடும். தையில் போட்ட குழி சித்திரை உழவுக்கு உதவும்.

மலையில் புகை கண்டால் யாரோ சொல்வார்கள் என்று இருக்காமல் 101-க்குப் போன் போடுங்கள்.