ஊர்மன்றமும் வாலிபர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தலைநகரில் நடக்கும் அநீதியைக் கண்டித்துப் பேசுவது எமக்கு எளிது. அங்கிருப்போர் எம்மை அறியார். நாளை அவர்கள் முகத்தில் நாம் விழிக்கப்போவதும் இல்லை. ஆனால், ஊரிலே ஓர் ஒழுங்கைக்குப் போடவேண்டிய கிரவல் வேறொருவர் வாசலில் கொட்டப்பட்டால், அதைக் கேட்க எமக்கு நா எழுவதில்லை. கொட்டுவித்தவர் எமக்கு மாமன் முறையானவர்; அவர் வீட்டுக் கலியாணத்துக்கு நாம் போகவேண்டும், எமது வீட்டுச் செத்தவீட்டுக்கு அவர் வரவேண்டும். “அவர் எங்கடை ஆள், விடுங்கோ” என்ற ஒரு சொல்லோடு நியாயம் அடங்கிவிடுகிறது. ஊர் அரசியலில் நீதிக்காக நிற்பது கடினமாவது, எதிரி வலியவன் என்பதாலன்று. எதிரே நிற்பவர் எம்மவர் என்பதாலேயே.

இதை அறிந்தும் நின்ற இளைஞர் எமது மண்ணில் இருந்தனர். 1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்ற இயக்கம் தோன்றியது. பின்னர் அதுவே வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முன்னணியில் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் இவ்வியக்கத்தாரின் அழைப்பினாலேயே. அந்நியர் ஆட்சி அகலவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதே நாவினால் எமது சொந்தத் திண்ணையில் குந்தியிருந்த அநீதியையும் கேட்டார்கள் என்பதே அவர்களது தனிப்பெருமை.

அக்காலத்தில் எமது பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து கற்க இயலாது, நிலத்திலேயே இருக்கவேண்டும். உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் கொடுக்கவேண்டும் என்று 1920களின் இறுதியில் கல்விப் பகுதி விதித்தபோது, ஊர்ப் பெரியவர்கள் பலர் கொதித்தெழுந்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாலிபர் காங்கிரஸார் சமஆசனத்தின் பக்கமே நின்றனர். அவர்களை எதிர்த்தவர்கள் வெள்ளைக்காரர் அல்லர். ஒரே ஊரில், ஒரே சமூகத்தில் வாழ்ந்தவர்கள்.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் எண்ணலாகாது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. சைவர்களாகிய எமக்கு இது கசப்பான செய்தி. கசப்பாயினும் இந்த மேடையில் சொல்லவேண்டிய செய்தி.

மிஷன் பாடசாலையில் கற்ற எமக்கு இந்த மேடையில் இடந் தந்தீர்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பேரின்பநாயகம் அவர்களைக் கொக்குவில் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றிருந்தது. நேர்மையைக் காணுமிடத்துச் சமயம் வேலியாவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும், அவ்விளைஞர் செய்த யாவும் எமக்கு ஒரே பாடத்தைத் தருவன அல்ல. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அத்திட்டம் முழுச் சுயாட்சி தரவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் வெறுமையாயின. 1934இலேயே அவை நிரம்பின. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால், வாழ்நாளில் முதன்முறையாக வாக்குப் பெற்ற ஏழைக் குடியானவனும் அவன் மனைவியும் அதைப் பயன்படுத்த மூன்று ஆண்டுகள் காத்திருந்தனர். சமஆசனப் போரில் இல்லாதவனுக்கு ஓர் இடம் கேட்டார்கள்; பகிஷ்காரத்தில் இருந்த இடத்தையும் வெறுமையாக விட்டார்கள். வெற்று ஆசனம் எவருக்காகவும் பேசாது.

எமது காலத்துக்கு வருவோம். 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9ஆந் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணங்காட்டி நடத்தப்படவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் இருந்தமையால், அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதியே வாக்களித்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எமது பிரதேச சபையின் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதற்காக எம்மில் எத்தனைபேர் வருந்தினோம்?

இப்போது ஆசனங்கள் நிரம்பியுள்ளன. இனிக் கேட்கவேண்டியது எமது கடமை. கூச்சல் வேண்டாம், கல்லெறி வேண்டாம். சபை கூடும் நாளில் எம்மில் நால்வர் சென்று பார்வையாளராக இருப்போம். வரவு செலவுத் திட்டத்தை வாசிப்போம். எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்தச் சுடலைக்கு மதில் இல்லை, எந்தக் குடிமனைக்குத் தெருவிளக்கு எட்டவில்லை என்று குறித்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் எழுத்திலே கேட்கும் உரிமையை எமக்குத் தந்திருக்கிறது. முதற் கேள்வியை எமக்கு வேண்டாதவரிடம் அன்று, எமது உறவினரான உறுப்பினரிடமே கேட்போம். அப்போதுதான் இரண்டாவது கேள்விக்கு மதிப்பிருக்கும்.

சகோதரிகளே, இம்மன்றங்களில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கென்று 2016இல் சட்டமாயிற்று. அந்த இடம் இன்னொருவர் சொற்படி கையுயர்த்துவதற்கன்று.

இதற்கு விலை உண்டு. ஒருவருக்கு வேலைக்கான சிபார்சுக் கடிதம் கிடையாது போகலாம். இன்னொருவருக்குப் பேசிவந்த சம்பந்தம் குழம்பலாம். அவ்விலையை ஒருவன் தனியே கொடுக்க விடாதிருக்கவே சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பெரியோர்களே, கேள்வி கேட்கும் பிள்ளையை வாய்க்காரன் என்று ஒதுக்காதீர்கள். அவன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு நீங்களும் இருங்கள்.

“ஊரோடில் ஒத்தோடு, ஒருவன் ஓடில் கேட்டோடு” என்பது எமது முதுமொழி. அதன் முற்பாதியை நாம் நன்றாகக் கற்றுவிட்டோம். பிற்பாதியில் உள்ள ‘கேள்’ என்ற சொல்லை இனியேனும் கற்போமாக.