தாழ்ந்த செவியும் தணியாத அன்பும்

முன்னாளில் ஜமீன் தலைநகராய் விளங்கிய கார்வேட்டிநகரத்தின் கோடை வெப்பத்தில் ஸ்பானியல் நாயை வளர்த்தல் தகுமா? தகும், வளர்ப்போர் பொறுப்பறிந்திருத்தல் வேண்டும்.

அது மேனாட்டுக் குளிரில், புதரில் மறைந்த பறவைகளை எழுப்புவதற்கென வளர்க்கப்பெற்ற இனம். ஆங்கிலப் பெண்பாற் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் நோயுற்றிருந்த நாளில் துணையிருந்த பிளஷ் இவ்வினத்தது. அதன் வரலாற்றை வர்ஜீனியா வுல்ப் 1933-ல் நூலாக்கினார்.

இந்நாயின் அழகே அதற்கு இடர். நீண்டு தொங்கும் செவிக்குள் காற்றுப் புகாது. ஈரம் தங்கினால் உள்ளே புண்ணாகும். ஆகவே குளிப்பாட்டியபின் செவியை ஈரமறத் துடைத்தல் வேண்டும். வாரந்தோறும் செவியை நோக்குக. துர்நாற்றம் வீசினால் கால்நடை மருத்துவரை நாடுக. அடர்ந்த மயிரில் உண்ணி ஒளியும், நாள்தோறும் சீவுக. கோடையில் விடியலிலும், தரை குளிர்ந்த அந்தியிலுமே உலாவச் செய்க. வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாது இடுக.

இறுதியாக ஒன்று. தனிமைக்குத் துணை தேடியே பிறமாநிலத்தில் நம்மவர் பலர் நாய் வளர்க்கிறோம். மாற்றல் ஆணை வரும். அதில் நாயின் பெயர் இராது. உடன் கொண்டுசெல்ல இயலாதெனில், வாங்காதிருப்பதே அறம்.