பழைய படச்சுருளும் பதிப்பாசிரியர் கடமையும்

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கிறவருக்கு ஒரு சோதனை உண்டு. செல்லரித்த இடத்தில் ஒரு சீர் போய்விட்டது. அதை நிரப்பும் புலமை அவருக்கு உண்டு, கையும் துருதுருக்கும். ஆனால் நிரப்பலாகாது. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பட்ட பாட்டை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்வேன். இதே சோதனை பழைய படச்சுருள்களைச் செப்பனிடுவோருக்கும் உண்டு.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகள் இருக்கின்றன. அங்குள்ள சிறு குடியானவர்களின் வாழ்க்கையை 1931இல் ஜென்னி பிரவுண் என்ற பெண், 16 மில்லிமீற்றர்க் கமராவுடன் தனியாளாய்ப் படம்பிடித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர், சினிமா பயின்றவரல்லர். ஆவணப்பட முன்னோடியான ஜோன் கிரியர்சன் அப்படத்தைப் பார்த்து அவருக்கு ஊக்கமளித்தார். பின்னர் எடுத்த படமொன்றில் நடித்த தீவு இளைஞரையே மணந்து ஜென்னி கில்பேட்சன் ஆனார். இது நம் பொருளுக்குப் புறம்பான செய்திதான். சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவருடைய படங்கள் இன்று ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தின் படக்காப்பகத்தில் உள்ளன.

இத்தகைய அமெச்சூர்ச் சுருள்களிற் பெரும்பாலானவற்றுக்கு நெகற்றிவ் கிடையாது. கமராவில் ஓடிய சுருளே கழுவப்பட்டுத் திரைக்கும் வரும். உலகில் ஒரே பிரதி. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒரு கீறல். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அசற்றேற் அடித்தளம் சிதைந்து வினாகிரி மணக்கத் தொடங்கும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். சுருள் சுருங்கும், ஓரத்துத் துளைகள் இயந்திரப் பற்களிற் பொருந்தா. ஆகவே பற்களில்லாத கருவியில் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு படமாகக் கணினியிற் பதிகிறார்கள். கீறலைத் தற்காலிகமாக நிரப்பி மறைக்கும் திரவமும் உண்டு.

இதுவரை சரி. அடுத்தது வேகம். செக்கனுக்கு 16 படம் வீதம் எடுப்பது அக்கால வழக்கம். அதை 24 வீதம் ஓட்டினால் மனிதர் பொம்மைபோலத் துள்ளுவர். ஒருமுறை எங்கள் மண்டபத்தில் அப்படியொரு மௌனப்படம் ஓடியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புல்லறுக்கும் ஒரு கிழவரைப் பார்த்துச் சிரித்தோம். பின்னர் சரியான வேகத்தில் அதே காட்சியைப் பார்த்தபோது, அரிவாள் வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையில் அவர் மூச்சு வாங்குவது தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

வேகத்தைத் திருத்துவது பாடத்தை மீட்பது. ஆனால் மங்கிய முகத்துக்குக் கணினி தானே கண்ணும் மூக்கும் வரைவதும், கறுப்பு வெள்ளையில் நிறம் பூசுவதும் இடைச்செருகல். ஷெட்லாந்துப் பெண்கள் முதுகிற் கூடை சுமந்தபடியே கம்பளி பின்னிக்கொண்டு நடந்தவர்கள். அந்த விரல்கள் மங்கலாயிருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். பளபளப்பான விரல்களை வரைந்துவிட்டால், அவை எவளுடைய விரல்கள்? செய்தே ஆகவேண்டுமென்பவர்கள் மூலத்தை வேறாக வைத்து, தாம் சேர்த்தது இன்னதென்று எழுதிவைக்கட்டும். நல்ல பதிப்பாசிரியர் அடிக்குறிப்பிற் செய்வது அதுதானே.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் திருமணமோ தேரோ எடுத்த 8 மில்லிமீற்றர்ச் சுருள் ஒன்று கிடக்கலாம். பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணந்தால் மற்றவற்றிலிருந்து பிரித்துக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். படத்தில் இருப்பவர் யார் யாரென்று, சொல்லத் தெரிந்த ஆச்சியிடம் இந்தக் கிழமையே கேட்டு எழுதிவிடுங்கள்.