எத்தனை காலம் செல்லும்?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைஞர் சங்க மேடையிலே பெண்களுக்கு வரும் நோயொன்றைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். வீட்டில் தாய்க்கோ பெரியம்மாவுக்கோ அந்நோய் வந்தால் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவனும், வாசலிற் காத்து நிற்பவனும், இரத்தம் கொடுப்பவனும் இளைஞனே. ஆகையால் அவன் அறிய வேண்டியதையே பேச வந்தேன்.

சூலகப் புற்றுநோய் என்று வைத்தியர் கூறியதும் வீட்டார் முதலில் கேட்பது, "அம்மா சுகப்படுவாவோ?" என்பது. அடுத்தது, "எத்தனை காலம் செல்லும்?" என்பது. முதற் கேள்விக்கு விடை கூற நான் தகுதியுடையவனல்லன். இரண்டாவதற்கு ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கை ஒரே எண்ணாகக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவதனாலேயே பின்னர் பல தொல்லைகள் நேர்கின்றன.

இந்நோய் ஓசையின்றி வளர்வது. வயிறு ஊதல், சிறிது உண்டதும் நிறைவு, இவற்றை வாயு என்று விட்டுவிடுகிறோம். நோய் வெளிப்படும்போது பெரும்பாலும் வயிற்றினுள்ளே பரவியிருக்கும். மிக ஆரம்பத்திற் கண்டுபிடிக்கப்பட்ட சிலருக்குச் சத்திரசிகிச்சை மாத்திரமே போதும். ஏனையோருக்குச் சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் இரண்டும் வேண்டும்.

சத்திரசிகிச்சையில் இரு சூலகங்களும் கருப்பையும் வயிற்றுக் கொழுப்பு மடிப்பும் அகற்றப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு கிழமை வைத்தியசாலை வாசம். பின் 3 முதல் 6 கிழமை வரை ஓய்வு. அதன் பின்னர் மருந்து. வழக்கமாக இரண்டு மருந்துகள்: கார்போபிளாட்டின், பக்லிடக்செல். முன்னது பிளாட்டினம் என்னும் உலோகம் சேர்ந்தது; பின்னது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையில் முதலிற் கண்டறியப்பட்டது. 21 நாளுக்கு ஒரு முறையாக 6 முறை ஏற்றுவர். கட்டி பெரிதாயின் 3 முறை மருந்து, நடுவே சத்திரசிகிச்சை, பின் 3 முறை மருந்து என்றும் வகுப்பர். எவ்வழியாயினும் முதற் சிகிச்சை முடிய ஏறக்குறைய 6 மாதம் செல்லும்.

ஏன் 21 நாள்? மருந்து புற்றுக் கலங்களை மாத்திரம் தாக்குவதில்லை. எலும்பு மச்சையையும் தாக்குகிறது. இரண்டாம் கிழமையளவில் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்து, மூன்றாம் கிழமையில் மீளுகின்றன. நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து தேர் வரையுள்ள நாட்களினும் இது குறைவு. ஆனால் அந்த இரண்டாம் கிழமையில் நோயாளியைத் தேர்க் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லலாகாது. காய்ச்சல் கண்டால் விடியும்வரை பாராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். விரதம் பிடிப்பதையும் வைத்தியரைக் கேட்டே தீர்மானித்தல் நன்று.

ஒவ்வொரு முறைக்கும் முன் இரத்தம் சோதிப்பர். எண்ணிக்கை போதாதாயின் ஒரு கிழமை தள்ளிப் போடுவர். அதைக் கேட்டு வீட்டார் நோய் முற்றிவிட்டதென்று அழுவர். அப்படியன்று, மச்சைக்கு இன்னும் சிறிது அவகாசம் வேண்டுமென்பதே அதன் பொருள். இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்றும் உண்டு. மூன்றாம் முறைக்குப் பின் வயிறு வற்றி, பசி திரும்பும். "இனிப் போதும், உடம்பு தேறிவிட்டது" என்று யாரேனும் ஒரு மாமா சொல்லுவார். அவர் சொல்லை அன்புடன் கேட்டுக்கொண்டு நாலாம் முறைக்குப் பஸ் ஏறிவிட வேண்டும்.

ஆறு முறையும் முடிந்த பின்னும் கணக்கு முடிவதில்லை. பிஆர்சிஏ என்னும் மரபணுவில் மாற்றமுள்ளோர்க்கு ஓலபரிப் போன்ற மாத்திரைகளை 2 வருடம் வரை கொடுப்பதுண்டு. அம்மாற்றம் இருப்பின் சகோதரிகளும் பெண் பிள்ளைகளும் தம்மைப் பற்றியும் வைத்தியரிடம் விசாரிக்க வேண்டும். பரிசோதனைகள் முதலிரு வருடம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒரு முறையும், பின் 6 மாதத்துக்கு ஒரு முறையுமாக 5 வருடம் தொடரும். பிந்திய நிலையிற் கண்டறியப்பட்டோரில் அநேகருக்கு நோய் மீண்டும் வருகிறது. அதை எவருடைய குற்றமாகவும் எண்ணலாகாது. 6 மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் வந்தால் பிளாட்டின மருந்தே திரும்பவும் பயன் தருவதுண்டு.

தெல்லிப்பழையில் 2013ஆம் ஆண்டு புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது வடபகுதிக்குப் பெரிய உதவி. ஆனாலும் முல்லைத்தீவிலிருந்து வருபவருக்கு ஒரு முறை மருந்தேற்றல் ஒரு முழு நாள் அலைச்சல். முதற் கிழமையில் உறவினர் பழப் பைகளுடன் வரிசையாக வருவர். ஐந்தாம் முறைக்கு வாசலில் ஆளில்லை. யார் எந்த நாள் கூடப் போவது, யார் அன்று சமைப்பது என்று ஆறு நாட்களையும் முதலிலேயே ஒரு கொப்பியில் எழுதிவிடலாம்.

கடைசியாக ஒன்று. பக்லிடக்செல் விரல்களை விறைக்கச் செய்கிறது. அவ்விறைப்பு மருந்து நின்ற பின்னும் மாதக்கணக்கில் நிற்கும். முடி வளர்ந்துவிட்டது, சுகமாகிவிட்டா என்று எண்ணி அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள். கொதிக்கும் சட்டியின் சூடு அவவின் கைக்குத் தெரியாது.