மாத்திரைக்கு முன்னால் சாப்பாட்டைக் கேளுங்கள்

திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பாவை 2010-ல் மத்திய அரசு அங்கீகரித்தது. தர்மசாலாவுக்கோ லடாக்குக்கோ போய் வைத்தியம் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் மாத்திரை வாங்குவதற்காக மட்டும் போகாதீர்கள். இந்த மருத்துவத்தின் மூலநூலான ஜ்யூஷியில் சிகிச்சையாக முதலில் வருவது சாப்பாடு, அடுத்து பழக்கவழக்கம். மருந்து மூன்றாவதுதான்.

போவதற்கு முந்தின நாள் மது, கடுந்தேநீர், மோர் வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள். காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து, சூடு ஆறுவதற்குள் கொடுங்கள். 'ஆம்ச்சி' என்கிற வைத்தியர் அதைக் குச்சியால் கலக்கி நிறம், ஆவி, வாடை, நுரைக்குமிழி பெரிதா சிறிதா என்று பார்ப்பார். பிறகு மூன்று விரல் வைத்து நாடி. சுட்டுவிரல் தோல் அளவுக்கு, நடுவிரல் சதை அளவுக்கு, மோதிரவிரல் எலும்பு வரை அழுத்தும்.

லுங், திரிபா, பெகன் என்று அவர்கள் சொல்வது ஏறக்குறைய நம்முடைய வாதம், பித்தம், கபம்தான். வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹ்ருதயம் 11-ம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டதே!

இதில் லுங் பற்றிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத கவலை என்று போகிறவர்களிடம் அவர்கள் அதிகம் பேசுவது இதைத்தான். பட்டினி, இரவு விழிப்பு, ஓயாத பேச்சு, வெறும் வயிற்றில் காபி, இவையெல்லாம் லுங்கைக் கிளப்பும். சூடான, நெய்ப்பசையுள்ள உணவு, எலும்பு சூப், உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது, மனசுக்குப் பிடித்தவர்களோடு இருப்பது, இவை அடக்கும். ஜாதிக்காய் போன்ற சரக்குகளைத் துணியில் முடிந்து, சூடான எண்ணெயில் தோய்த்து உச்சந்தலை, உள்ளங்கை போன்ற இடங்களில் ஒற்றுவார்கள். அதற்கு ஹோர்மே என்று பெயர். நட்பையும் மருந்துச் சீட்டில் சேர்க்கிற இந்த வைத்தியத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதே அக்கறையோடு இதையும் சொல்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பரிசோதனை முடிவுகளை எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர்கள் தருகிற 'ரின்சென்' மாத்திரைகள் சிலவற்றில் சுத்தி செய்த பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அவற்றை வாங்கிச் சாப்பிட வேண்டாம். நெஞ்சுவலியா, கை கால் திடீரென்று இழுக்கிறதா? நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.